ரெட்மியா, சாம்சங்கா? காலேஜுக்குப் போகும் கைகளுக்கு எது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு வீட்டில் இரண்டு பேச்சு ஆரம்பிக்கும்: எந்தக் காலேஜ், எந்த போன். முதல் கேள்விக்குச் சொந்தபந்தம் முழுக்க யோசனை சொல்லும். இரண்டாவதற்குக் கடைக்காரர் எதை எடுத்துக் காட்டுகிறாரோ அதுவே முடிவாகிவிடுகிறது. இருபதாயிரத்துக்குள் என்று பட்ஜெட் போட்ட வீடுகளை மனதில் வைத்து 2024-இல் இரண்டு போன்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்தேன். ஒன்று 2023 டிசம்பரில் வந்த சாம்சங் கேலக்ஸி ஏ15 5ஜி. இன்னொன்று 2024 ஜனவரியில் வந்த ரெட்மி நோட் 13 5ஜி.

என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினேழு வயதில் வாங்கும் போன், படிப்பு முடியும் வரை உழைக்க வேண்டும். நடுவில் இன்னொன்று வாங்கித் தரும் வசதி எல்லா வீட்டிலும் இருக்காது.

கையில் எடுத்த மாத்திரத்தில் மனதைப் பிடிப்பது ரெட்மிதான். எடை 174.5 கிராம், தடிமன் 7.6 மில்லிமீட்டர். சாம்சங் 200 கிராம், 8.4 மில்லிமீட்டர். பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மறு கையால் டைப் அடிக்கும்போது இந்த 25 கிராம் நன்றாகவே தெரிகிறது. திரையிலும் ரெட்மிக்கே பெருமை. நடுவில் சின்னப் புள்ளியாக முன்கேமரா, சுற்றிலும் மெல்லிய விளிம்பு. சாம்சங்கில் இன்னும் அந்தப் பழைய நீர்த்துளி வடிவம், கீழ்விளிம்பும் அகலம். இரண்டுமே ஃபுல் ஹெச்டி அமோலெட் திரைகள் என்பதால் கறுப்பு கறுப்பாகத் தெரிகிறது, நிறங்கள் பளிச்சென்று இருக்கின்றன.

"மாமா, ரெட்மில 120 ஹெர்ட்ஸ், சாம்சங்ல 90தான். அப்புறம் என்ன யோசனை?" என்றாள் அக்கா மகள். அந்த வருடம் இன்ஜினியரிங் சேரவிருந்தாள்.

"ரெண்டுலயும் அதே வீடியோவைப் போட்டுப் பாரு" என்றேன். பார்த்தாள். வித்தியாசம் இல்லை. இருக்கவும் முடியாது. நாம் பார்க்கும் படமும் ரீல்ஸும் பெரும்பாலும் நொடிக்கு 24 அல்லது 30 காட்சிகளாகப் பதிவானவை. திரை நொடிக்கு 90 முறை புதுப்பித்தாலும் 120 முறை புதுப்பித்தாலும் வீடியோ அதேதான். விரலால் பக்கத்தைத் தள்ளும்போது மட்டும் 120 கொஞ்சம் வழுக்கிக்கொண்டு போகிறது. பார்க்க இதமாக இருக்கிறது என்பது உண்மை. அதற்காக மட்டும் ஒரு போனைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

பிராசஸர் விஷயத்தில் பசங்களுக்குள் நடக்கும் சண்டை எனக்கு வியப்பு. ரெட்மியில் இருப்பது டைமென்சிட்டி 6080. சாம்சங்கில் டைமென்சிட்டி 6100 பிளஸ். இரண்டும் மீடியாடெக் சிப்கள், இரண்டும் 6 நானோமீட்டர், இரண்டிலும் அதே வகை எட்டு கோர்கள், கேம்களுக்கான கிராபிக்ஸ் பகுதியும் ஒன்றே. பெயர்தான் வேறு, ரத்தம் ஒன்று. பிஜிஎம்ஐ விளையாட இரண்டும் போதும். உச்ச கிராபிக்ஸை இரண்டிடமும் எதிர்பார்க்காதீர்கள். கடையில் '8+8, மொத்தம் 16 ஜிபி ரேம்' என்று சொன்னால் அந்த இரண்டாவது எட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது ரேம் அல்ல. போனின் சேமிப்பிடத்தில் கொஞ்சத்தை ஒதுக்கி ரேம் போலப் பயன்படுத்துவது. வேகம் மிகவும் குறைவு.

கேமராவுக்கு நான் வைத்த பரீட்சை செல்ஃபி அல்ல, கரும்பலகை. டியூஷன் முடிந்து காலியான அறை, மங்கலான டியூப்லைட், கடைசி பெஞ்ச். பலகையில் தொகையீட்டுக் கணக்கு ஒன்று பாதி அழிந்து கிடந்தது. மூன்று மடங்கு ஜூம் வைத்து எடுத்தேன். இரண்டு படத்திலும் கணக்கைப் படிக்க முடிந்தது. ஆனால் தொகையீட்டுக் குறியின் தலையிலும் காலிலும் பொடியாக எழுதியிருந்த எல்லை எண்கள் ரெட்மி படத்தில் இன்னும் தெளிவு. 108 மெகாபிக்சல் சென்சார் அங்கே உதவுகிறது. மற்றபடி அந்த எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். சாதாரணமாக எடுக்கும்போது ரெட்மி ஒன்பது பிக்சல்களை ஒன்றாக்குகிறது, சாம்சங்கின் 50 மெகாபிக்சல் கேமரா நான்கை ஒன்றாக்குகிறது. கடைசியில் இரண்டிலும் கிடைப்பது சுமார் 12 மெகாபிக்சல் படம். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஓஐஎஸ் இரண்டிலும் கிடையாது. இரண்டு மெகாபிக்சல் மேக்ரோ கேமரா எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட மட்டுமே.

பேட்டரி இரண்டிலும் 5000 எம்ஏஹெச். இங்கே ஹாஸ்டல் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நான்கு பேருக்கு ஒரு பிளக் பாயின்ட் இருக்கும் அறையில் எவ்வளவு சீக்கிரம் சார்ஜ் ஏறுகிறது என்பது பெரிய விஷயம். ரெட்மி 33 வாட். சார்ஜரும் பின்கவரும் டப்பாவிலேயே வருகின்றன. சாம்சங் 25 வாட். டப்பாவில் வெறும் கேபிள். வீட்டில் கிடக்கும் பழைய சார்ஜரைப் போட்டால் அந்த 25 வாட்டும் கிடைக்காது, தனியாக ஆயிரம் ரூபாய்க்கு மேல் செலவு. 19,499 ரூபாய் விலை சொன்ன போனுக்கு இது நியாயமே இல்லை. அறிமுக விலையில் ரெட்மி 17,999-இல் தொடங்கியது. 19,999-க்கு 8 ஜிபி ரேமும் 256 ஜிபி இடமும் தந்தது. சாம்சங்கின் 19,499-க்கு 128 ஜிபிதான். இயர்போன் குத்தும் துளையும் மெமரி கார்டு போடும் இடமும் இரண்டிலும் உண்டு.

இவ்வளவும் ரெட்மி பக்கம் சாய்ந்த பிறகும் நான் சாம்சங்கைத்தான் வாங்கச் சொன்னேன்.

காரணம் அப்டேட். ஏ15, ஆண்ட்ராய்டு 14-உடன் வந்தது. நான்கு முறை புதிய ஆண்ட்ராய்டு, ஐந்து வருடம் பாதுகாப்பு அப்டேட் என்று நிறுவனம் உறுதி கொடுத்திருக்கிறது. அதாவது 2028 கடைசி வரை. 2024-இல் சேர்ந்த இன்ஜினியரிங் மாணவிக்கு 2028-இல் படிப்பு முடிகிறது. ரெட்மி நோட் 13, ஆண்ட்ராய்டு 14 வெளிவந்த பிறகும் 13-உடன் விற்பனைக்கு வந்தது. அதற்கு அறிவிக்கப்பட்ட அப்டேட் காலமும் குறைவு.

பாதுகாப்பு அப்டேட் பசங்களுக்குச் சலிப்பான சங்கதி என்று எனக்குத் தெரியும். ஆனால் பதினெட்டு ஆனதும் அந்தப் போனில் என்னென்ன ஏறப்போகிறது என்று பாருங்கள். ஜிபே, வங்கி ஆப், டிஜிலாக்கரில் மார்க் ஷீட், அரசுப் பள்ளியில் படித்த பெண்ணாக இருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதாமாதம் வங்கிக் கணக்கில் விழும் 1,000 ரூபாய்க்கான மெசேஜ். திருடர்கள் நுழையக்கூடிய ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படும்போதெல்லாம் அவற்றை அடைப்பதுதான் அந்த அப்டேட். அது நின்றுபோன போனில் பணத்தை வைத்திருக்க என் வீட்டுப் பிள்ளையை நான் விடமாட்டேன்.

17,999-க்கு மேல் ஒரு ரூபாய் முடியாது, படிப்பும் இரண்டு மூன்று வருடம்தான் என்றவர்கள் அப்போது ரெட்மியைத் தயங்காமல் வாங்கியிருக்கலாம். பாலிடெக்னிக், பி.எஸ்சி., பி.காம். போனவர்களுக்கு அது நல்ல கணக்கு. எதை வாங்கினாலும் கடையிலேயே *#06# அடித்து, வருகிற ஐஎம்இஐ எண் டப்பாவில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எண்ணை அம்மாவின் டைரியில் எழுதி வைத்து, பில்லையும் பத்திரப்படுத்துங்கள். போன் தொலைந்தால், போலீஸில் புகார் கொடுத்து, சஞ்சார் சாத்தி தளத்தில் முடக்க அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.