வகுப்பறையில் வாக்கெடுப்பு

மக்களாட்சியைச் சிறார்க்கு எங்ஙனம் புகட்டுவது என்னும் வினாவுக்கு, 'வகுப்பிலே வாக்கெடுங்கள்' என்பதே பலரும் கூறும் விடையாகும். வகுப்புத் தலைவனைத் தெரிதற்கும், சுற்றுலாவுக்கு இடங் குறித்தற்கும் பிள்ளைகள் கையுயர்த்துகின்றனர், ஆசிரியர் எண்ணுகின்றார், பெரும்பான்மை வெல்கின்றது, பாடமும் முடிகின்றது. மக்களாட்சி ஓர் ஆட்சிமுறை மாத்திரமன்று, கூடிவாழும் நெறியுமாகும் என ஜோன் டூயி 1916 இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தினார். இவ்வழக்கம் அந்நெறியைக் கற்பிக்கின்றதா, எண்ணிக்கையை மாத்திரம் கற்பிக்கின்றதா என்பதே ஈண்டு ஆராய்தற்குரியது.

எட்டு வயதுப் பிள்ளை கையுயர்த்துமுன் ஆசிரியர் முகத்தையும் அயலிலிருக்கும் தோழன் கையையும் நோக்குகின்றது. அது தருவது வாக்கன்று; இணக்கமே. இங்கிலாந்து 1872 இல் இரகசிய வாக்கை மேற்கொண்டதும் பிறர்க்கு அஞ்சி வாக்களிக்கும் நிலையை நீக்குதற்கேயாம். மடித்த சீட்டும் ஒரு பெட்டியும் வகுப்பறைக்கு எளியனவே.

இப்பாடத்தில் உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பெருமையுடன் எடுத்துக்காட்டுவாருமுளர். முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921 ஆம் ஆண்டுகளுக்குரிய அச்சாசனங்கள் கூறுவது வாக்கெடுப்பன்று. குடத்திலிட்ட ஓலைகளுள் ஒன்றைச் சிறுவனொருவனைக் கொண்டு எடுப்பிக்கும் முறையாகும். நிலமும் மனையும் வேதக்கல்வியும் உடையாரே ஓலையிற் பெயரெழுதப்படத் தக்கவராயினர். ஆதலின் அதனை இற்றை மக்களாட்சி எனல் பொருந்தாது. ஆயினும் அதிற் கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு: பதவி வகித்துக் கணக்குக் காட்டாதார் மீண்டும் பதவிக்கு வரலாகாது என்பது அவ்விதி. தவணை முடிவில் வகுப்புத் தலைவன் தான் செய்தவற்றை வகுப்பின்முன் கூறுமாறு செய்தல் தேர்தலினும் பயன் மிக்கது.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுளது. பெரும்பான்மை விரும்பின் எதுவும் முறையாகும் என்ற எண்ணம் பிள்ளை மனத்திற் பதிகின்றது. இந்நாட்டு வரலாறே இதற்கு எச்சரிக்கை. 1931 இல் டொனமூர் அரசியற்றிட்டத்தின்கீழ் ஆண், பெண் இருபாலார்க்கும் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949 ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலாரின் வாக்குரிமையைப் பறித்தன. அவை பாராளுமன்றத்தில் முறைப்படி வாக்கெடுத்து நிறைவேற்றப்பட்டவையே. எண்ணிக்கை பிழைக்கவில்லை, நீதியே பிழைத்தது.

எனவே, வாக்கெடுக்குமுன் ஆசிரியர் ஒன்றைத் தெளிவுறுத்தல் வேண்டும். எவ்விளையாட்டை ஆடுவது என வகுப்பு வாக்களிக்கலாம். எப்பிள்ளையை ஆட்டத்தில் சேர்க்காது விடுவது என வாக்களித்தல் ஆகாது. வாக்கெடுப்பின் முன் இருபக்க நியாயங்களும் கேட்கப்படல் வேண்டும். பின்னர், தோற்றோர் விருப்பத்துக்கும் ஒரு நாள் ஒதுக்கப்படல் வேண்டும்.

வென்றவனை வாழ்த்தப் பிள்ளைகள் தாமே கற்பர். தோற்றவன் அருகில் அமர்ந்து அவன் சொல்லைக் கேட்கக் கற்பித்தலே ஆசிரியர் கடன்.