செட்டியார் படம், பம்பாய்ப் பாட்டு

எங்க ஐயா வீடு கண்டனூர்ல. அங்கே ஒரு கிராமபோன் பெட்டியும் கொஞ்சம் தட்டுகளும் ரொம்ப நாள் கிடந்தன. அதில் ஒன்று ‘சோரி சோரி’ (1956). ஒருமுறை ஆயாகிட்ட, “இது நம்ம மெய்யப்பச் செட்டியார் எடுத்த படம், தெரியுமா ஆயா?”ன்னு கேட்டேன். “பாட்டுத் தெரியும்ப்பா, படத்த யாரு கண்டா?” என்றார்.

இந்தப் படத்தைப் பற்றி நான் படித்ததெல்லாம் ஏறக்குறைய ஆயா சொன்னதன் நீட்டல்தான். கதை, ஃப்ராங்க் காப்ராவின் 1934 படம் ‘இட் ஹாப்பண்ட் ஒன் நைட்’டிலிருந்து வந்தது; ராஜ் கபூர், நர்கிஸ் நாயகன் நாயகியாகச் சேர்ந்த கடைசிப் படம்; சங்கர்–ஜெய்கிஷன் பாட்டு பிரமாதம். ஏவிஎம்முக்கு அரை வரி. பணம் போட்டார், பம்பாய்க்காரர்கள் இசையைக் கொடுத்தார்கள் என்கிற தொனி. எனக்கு இந்தத் தொனிமேல்தான் சண்டை.

கண்டனூரிலிருந்து காரைக்குடி கூப்பிடு தூரம். அங்கே தேவகோட்டை சாலையில் கொட்டகை போட்டுத்தான் ‘நாம் இருவர்’ (1947) எடுத்தார்கள். சென்னைக்குப் போனபின் ‘வாழ்க்கை’ இந்தியில் ‘பஹார்’ (1951) ஆனது. இசை எஸ்.டி. பர்மன். ‘பெண்’ படத்தின் இந்தி வடிவமான ‘லட்கி’க்கு நம்ம ஆர். சுதர்சனமே தனிராமோடு சேர்ந்து இசையமைத்தார். அடுத்து மதன் மோகன் (‘பாய் பாய்’), சித்ரகுப்த் (‘பாபி’). இத்தனை பேரைத் தேடிப் பிடித்தவருக்குக் காது இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஆனால் செட்டியார் கட்சி கட்டி முடிக்கவும் முடியவில்லை. மன்னா டே சொன்ன ஒரு கதை குறுக்கே வருகிறது. நிலா இரவு டூயட் ஒலிப்பதிவுக்குச் செட்டியார் பம்பாய் போயிருக்கிறார். ராஜ் கபூருக்கு முகேஷ்தான் பாடவேண்டும், மன்னா டே வேண்டாம் என்று பிடிவாதம். சங்கர் விட்டுக்கொடுக்கவில்லை. பாட்டு முடிந்ததும் செட்டியாருக்கும் மனசு மாறிவிட்டது. சந்தை நிலவரம் தெரிந்த வியாபாரியின் பயம் அது. முகேஷ் குரல் விற்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பயத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பாட்டைக் கேட்டாரே, அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். அதே சமயம், அந்தப் பாட்டு அப்படி அமைந்ததற்கான பெருமை அவருக்குப் போகாது. அது சங்கரின் பிடிவாதம்.

படத்தை முழுசாகப் பார்த்தேன். இரண்டாம் பாதி இழுக்கிறது, நகைச்சுவைத் துணுக்குகள் பல இடத்தில் வெறும் நிரப்பல். இருந்தும் பொம்மலாட்டப் பாட்டு வரும்போது நிமிர்ந்து உட்கார்ந்தேன். ராஜ் கபூரும் நர்கிஸும் கயிற்றில் ஆடும் பொம்மைகளாக வருகிறார்கள். வாய்விட்டுச் சொல்ல முடியாத ஆசையைப் பொம்மை சொல்லிவிடுகிறது. தட்டில் மட்டும் கேட்டால் அது துள்ளலான ஒரு டூயட், அவ்வளவுதான். ஆயா மாதிரி தட்டோடு நின்றவர்களுக்கு இது கிடைக்கவில்லை. பாட்டைத் தனியே உருவி மதிப்பெண் போடும் விமர்சகர்களுக்கும் கிடைத்த மாதிரித் தெரியவில்லை.

அடுத்த வருஷம் இந்தப் படத்துக்காகச் சங்கர்–ஜெய்கிஷனுக்கு ஃபிலிம்ஃபேர் விருது. அவர்களுக்கு அது முதல் ஃபிலிம்ஃபேர். விழாவில் ‘ரசிக் பல்மா’ பாடச் சொல்லி லதா மங்கேஷ்கரைக் கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். விருது இசையமைப்பாளருக்குத்தானே, பாடியவருக்கும் எழுதியவருக்கும் இல்லையே, அப்புறம் நான் எதற்குப் பாடணும் என்பது அவர் கேள்வி. 1959-ல்தான் பின்னணிப் பாடகருக்கும் பாடலாசிரியருக்கும் விருதுகள் வந்தன. பாடகருக்கான முதல் விருது ‘மதுமதி’ பாட்டுக்காக லதாவுக்கே. பாடலாசிரியருக்கான முதல் விருது ‘யஹூதி’க்காக சைலேந்திராவுக்கு. ‘சோரி சோரி’க்கு ஹஸ்ரத் ஜெய்ப்பூரியோடு பாட்டு எழுதியவர் அதே சைலேந்திராதான்.

ஒரு பாட்டு யாருடையது என்கிற வழக்கு ஒரு காரைக்குடிக்காரர் எடுத்த படத்தின் பாட்டை வைத்துக் கிளம்பியிருக்கிறது. அந்த வழக்கில் தயாரிப்பாளர் பெயரை யாரும் இழுக்கவே இல்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

போன தடவை ஊருக்குப் போனபோது ஆயாவுக்குப் பொம்மலாட்டக் காட்சியைப் போனில் போட்டுக் காட்டினேன். முடியும்வரை பேசவில்லை. அப்புறம், “இந்தப் பாட்டுக்கு இப்புடியா ஆடுனாக?” என்று கேட்டுவிட்டு, இன்னொரு தடவை போடச் சொன்னார்.