சூரியன் மேட்சிங் பார்ப்பதில்லை

எழுதும்போது திரைச்சீலை. பேசும்போது ஸ்கிரீன். 'ஸ்கிரீன் துணியெல்லாம் தோய்க்கணும்' என்றுதான் வீட்டில் சொல்வோம். புது ஃபிளாட்டுக்குக் குடிபோகிறவர்கள் மட்டும் திடீரென்று 'கர்ட்டன்' என்று சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். வார்த்தை மாறும்போதே பட்ஜெட்டும் மாறிவிடுகிறது.

கடைக்குப் போனால் தலையணை கனத்தில் ஒரு சாம்பிள் புத்தகத்தைப் பிரித்து வைப்பார்கள். முதல் கேள்வி, 'சோபா என்ன கலர் சார்?' இரண்டாவது, 'சுவருக்கு என்ன பெயின்ட் மேடம்?' ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று ஒரு கடைக்காரர் கேட்டால், அவருக்கு ஒரு கும்பிடு போடுங்கள். அபூர்வ மனிதர்.

என் புகாரே இதுதான். நம் வீடுகளில் தொங்குகிற பல திரைகள் ஜன்னலுக்காகத் தைத்தவை அல்ல, சோபாவுக்காகத் தைத்தவை. தரை வரைக்கும் கனமாக, அடுக்கடுக்காக விழுகிற அலங்காரம் குளிர் நாட்டுக்குப் பொருந்தும். அறைக்குள் இருக்கிற சூடு கண்ணாடி வழியாக வெளியே போய்விடக் கூடாது என்பது அவர்கள் கவலை. நமக்கு அது போய்த் தொலைந்தால் போதும்!

பழைய வீடுகளின் பாதி ஸ்கிரீனை நினைத்துப் பாருங்கள். ஜன்னலின் கீழ்ப் பாதியில் மட்டும், இரண்டு கொக்கிக்கு நடுவே ஒரு ஸ்பிரிங் கம்பியில் தொங்கும். துணி, பல வீடுகளில் அம்மாவின் பழைய வாயில் புடவை. அழகுக்கு நூற்றுக்கு முப்பது மார்க்குகூடத் தேறாது. ஆனால் தெருவில் போகிறவர் கண் உள்ளே வராது. மேல் பாதி வழியாகக் காற்றும் வெளிச்சமும் தாராளமாக வரும். கொடுத்த வேலையைச் செய்த டிசைன்.

வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு திரை போட்டுத் தடுப்பது, திருடன் கூடத்துக்கு வந்த பிறகு வாசல் கதவைச் சாத்துகிற மாதிரி. அதனால்தான் வெட்டிவேர்த் தட்டியையும் மூங்கில் தட்டியையும் வெளிப்பக்கம் கட்டினார்கள். 'அசோசியேஷன் விடாதே' என்கிறீர்களா? சரி, மேற்கு ஜன்னலுக்கு மட்டும் கனத்த துணி போடுங்கள். கண்ணாடியைப் பார்க்கிற பக்கம் வெள்ளை லைனிங் கேளுங்கள். வெளிர் நிறம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். கருநீலமும் மெரூனும் சூட்டைக் குடித்து அறைக்குள் கக்கும். சென்னையில் கடல்காற்று வருகிற கிழக்கு ஜன்னலுக்கு மெல்லிய பருத்தி போதும். ஒரே வீட்டில் ரெண்டு துணியா? ஆமாம். சூரியன் மேட்சிங் பார்த்து வருவதில்லை.

இனி கணக்கு. ஜன்னல் அகலம் 6 அடி. பக்கத்துக்கு அரை அடி சேர்த்தால் 7. மடிப்பு விழ இரண்டு மடங்கு, 14 அடி. துணி அகலம் 4 அடி என்றால் 4 பாகம். உயரம் 7 அடி, மடித்துத் தைக்க 1 அடி. ஆக 32 அடி, சுமார் 10 மீட்டர். இதையே மூன்று மடங்கு மடிப்பாக்கினால் 6 பாகம், 48 அடி, கிட்டத்தட்ட 15 மீட்டர். 'ரிச்சா இருக்கும் சார்' என்ற ஒரு வாக்கியத்தின் விலை 5 மீட்டர் துணி!

பாலியெஸ்டரைத் திட்ட மாட்டேன். சுருங்காது, இஸ்திரி கேட்காது. பருத்தி சுருங்கும், அளவு வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயவைக்கச் சொல்லுங்கள். ஒரு வேடிக்கை, கரூரில் நெய்து தைத்த பருத்தித் திரைகள் கப்பலேறி வெளிநாட்டு ஜன்னல்களுக்குப் போகின்றன. அவர்கள் ஊர் ஃபேஷன் நம் ஜன்னலுக்கு வருகிறது.

வாங்குவதற்கு முன் ஒரு சாம்பிள் துண்டைக் கேட்டு வாங்கி வந்து, சாயங்காலம் 4 மணிக்கு மேற்கு ஜன்னலில் பிடித்துப் பாருங்கள். கடை லைட்டில் சிரித்த துணி அங்கே சிரிக்கிறதா என்று தெரிந்துவிடும்.

பல வீடுகளில் மேற்கு அறைதான் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ ஒதுக்கப்படுகிறது. வருஷத்துக்கு நாலு தடவை வருகிற விருந்தாளி பார்க்க ஹாலில் 15 மீட்டர். தினமும் மத்தியானம் புரண்டு படுக்கிற பாட்டிக்கு மிச்சத் துணி. பட்ஜெட்டை அந்த அறையிலிருந்து ஆரம்பியுங்களேன்.