இடையில் விடுபட்ட தேர்தல்

மார்லன் ஜேம்ஸின் ‘எ பிரீஃப் ஹிஸ்டரி ஆஃப் செவன் கில்லிங்ஸ்’ நாவலை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை, 2015இல் அதற்கு புக்கர் பரிசு கிடைத்த கையோடு. ஜமைக்கா எழுத்தாளர் ஒருவருக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதற்தடவை. இரண்டாம் தடவை அண்மையில், பக்கத்தில் ஒரு தாளை வைத்துத் திகதிகளைக் குறித்தபடி. அந்தத் தாள்தான் இக்கட்டுரையை எழுத வைத்தது.

நாவலுக்கு ஐந்து பாகங்கள். ஒவ்வொரு பாகமும் ஒரு நாள்: 1976 டிசம்பர் 2, மறுநாள் 3, 1979 பெப்ரவரி 15, 1985 ஓகஸ்ட் 14, 1991 மார்ச் 22. இரண்டாவது நாளில்தான் கிங்ஸ்டன் ஹோப் றோட் வீட்டுக்குள் புகுந்த ஆயுததாரிகள் பொப் மார்லியைச் சுட்டார்கள். மார்லியும் மனைவியும் முகாமையாளரும் காயத்தோடு தப்பினர். இரண்டு நாள் கழித்து, அறிவித்தபடி மார்லி மேடையேறினார். டிசம்பர் 15 பொதுத்தேர்தலில் மைக்கல் மான்லியின் மக்கள் தேசியக் கட்சி வென்றது. அந்த இசை நிகழ்ச்சி ஆளுங்கட்சிக்கான பிரசாரமாகப் பார்க்கப்பட்டதே தாக்குதலுக்குக் காரணம் என்று பலர் நம்புகிறார்கள்.

நாவலின் பலம் குரல்கள். எழுபதுக்கு மேற்பட்ட பாத்திரங்கள். மார்லிக்குப் பெயர்கூட இல்லை, வெறுமனே ‘பாடகர்’. வயதேறி, கொன்று களைத்த பாப்பா-லோ. அவருடைய இடத்துக்காகக் காத்திருக்கும் ஜோசி வேல்ஸ். தாய் தகப்பனைப் பறிகொடுத்த பின் கையில் துவக்குத் திணிக்கப்படும் சிறுவன் பாம்-பாம். ஒவ்வொருவரும் தன் தெருவின் பேச்சில் பேசுகிறார்கள். அந்தப் பேச்சைத் திருத்தி வெள்ளையடிக்காமல் விட்டது ஜேம்ஸின் பெரிய துணிச்சல். வட்டார வழக்கில் எழுதியதற்காக விளக்கம் சொல்ல வேண்டியிருந்த எங்கள் எழுத்தாளர்களுக்கு இது புரியும்.

ஆனால் தாளைப் பாருங்கள். 1979க்கு அடுத்தது 1985. ஜமைக்காவின் மிகக் கொடிய தேர்தல் 1980 ஒக்டோபர் 30இல் நடந்தது. இருபது இலட்சத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த தீவில் அந்த ஆண்டு 800க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். எட்வர்ட் சியாகாவின் தொழிற்கட்சி 60 இடங்களில் 51ஐ வென்றது. நாவலில் இது பின்னோக்கிய நினைவாகக் கடக்கிறதே தவிர, தனக்கென ஒரு நாளைப் பெறவில்லை.

இதற்கு நியாயம் சொல்லலாம். ஜேம்ஸின் அக்கறை கட்சி கொடுத்த துவக்கு கட்சியின் கையை விட்டு நழுவி, போதைப்பொருளோடு நியூயோர்க் போய்ச் சேர்ந்த கதையில் இருக்கிறது. அந்தக் கதைக்கு இந்தத் தாவல் பொருந்துகிறது. எனக்கு அது போதவில்லை. சுட்டவன் பேசுகிறான், சுடச் சொன்னவன் பேசுகிறான், உளவாளி பேசுகிறான், செத்துப்போன அரசியல்வாதியின் ஆவிகூடப் பேசுகிறது. வாக்களிக்க வரிசையில் நின்றவரின் குரல் எதுவும் மனதில் தங்கவில்லை.

அந்தக் குரல் ஏன் வேண்டும்? நாவலின் கோப்பன்ஹேகன் சிற்றி, நிஜத்தில் ரிவோலி கார்டன்ஸ். 1960களில் ‘பக்-ஓ-வோல்’ என்ற சேரியை இடித்து எழுப்பிய குடியிருப்பு. தொகுதியின் உறுப்பினர் சியாகா. வீடுகள் பெரும்பாலும் கட்சி ஆதரவாளருக்கே போயின. எதிர்த்தரப்பும் தன் பகுதிகளில் இதையே செய்தது. அரசறிவியலாளர் கார்ல் ஸ்டோன் இவற்றுக்கு ‘காரிசன்’ தொகுதிகள், அதாவது படைமுகாம் தொகுதிகள் என்று பெயர் வைத்தார். வீடும் வேலையும் கட்சி தந்தவை. கட்சி தோற்றால் இரண்டும் போகும். அடுத்த தெருக்காரன் எதிரியானது கொள்கையால் மட்டும் அல்ல, கூரை போய்விடும் என்ற பயத்தாலும்தான். அந்தப் பயத்தோடு சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, வாக்களிக்கப் போன ஒரு பெண்ணின் ஒரு நாள் இந்த நாவலில் இருந்திருக்க வேண்டும்.

இதை எழுதும்போது எங்கள் பக்கமும் ஒரு வெற்றிடம் தெரிகிறது. 1977 யூலை 21 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி பெருவெற்றி பெற்றதும், தோற்ற சுதந்திரக் கட்சி ஆதரவாளர்கள் தாக்கப்பட்டார்கள். அடுத்த மாதம் அடி தமிழர்மீது திரும்பியது. ஓகஸ்ட் எங்கள் கதைகளில் உண்டு. யூலை அரிது. அடிபட்டது நாங்கள் அல்ல என்பதால் விட்டுவிட்டோம். தண்டனை இல்லாமல் போன யூலைதான் ஓகஸ்டுக்குத் துணிவு கொடுத்ததா என்ற கேள்வியை எங்கள் புனைவு கேட்டிருக்கலாம்.

நாவலில் எனக்கு மிக நெருக்கமானவள் நீனா பர்ஜஸ். சூடு நடந்த இரவில் அந்த வாசலில் நின்ற பாவத்துக்காக நாட்டைவிட்டு ஓடி, பெயருக்கு மேல் பெயர் மாற்றி நியூயோர்க்கில் வாழ்கிறாள். பதினைந்து வருடம் கழித்தும் பயம் அவளுடைய பெட்டியிலேயே இருக்கிறது. கடைசியில் அவள் ஊருக்கு, தங்கைக்கு, தொலைபேசி எடுக்கிறாள். அந்த அழைப்பின் பாரம் எங்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஸ்காபரோவில் ஒரே மாடிக்கட்டடத்தில், ஒரே மின்தூக்கியில் ஜமைக்காக்காரரோடு எத்தனை வருடம் ஏறி இறங்கியிருக்கிறோம். அவர்கள் எதிலிருந்து வந்தார்கள் என்று நான் கேட்டதில்லை. இந்த நாவல், தன் குறையோடும்கூட, அதைக் கேட்க வைத்தது.