உறங்க வைப்பதும் பாடம்தானே!

டிரைவர் எழுதப் பழகும் நம்ம பிள்ளைகளுக்கு எல்லோரும் கைகாட்டும் நூல், 'லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ்'. கார்பெட், ரூபினி, குரோவா-ஹார்ட்மன் மூவரின் மூன்றாம் பதிப்பு 2005-இல் வந்தது. இன்டரப்ட், நினைவகம், யுஎஸ்பி என 18 அத்தியாயங்கள்; விளக்கம் பளிச்சென்று இருக்கும். ஆனால் சஸ்பெண்ட், ரெஸ்யூம் பற்றித் தனி அத்தியாயம் கிடையாது. பிசிஐ பகுதியில் இரண்டையும் தொட்டு, கட்டாயமில்லை என்று சொல்லி நகர்ந்துவிடுகிறது. இது சின்னக் குறை இல்லீங்க.

ராமுக்கு மட்டும் மின்சாரம் விட்டுக் கணினியை உறங்க வைத்தால், மற்ற சாதனங்கள் பலவும் தம் ரெஜிஸ்டர் மதிப்புகளை இழந்துவிடும். டிரைவர்தான் ஓடும் டிஎம்ஏவை நிறுத்தி, மதிப்புகளைச் சேமித்து, விழித்ததும் திரும்ப எழுத வேண்டும். வரிசையும் உண்டு. யுஎஸ்பி கன்ட்ரோலர் முதலில் தூங்கிவிட்டால், அதில் செருகிய கேமராவிடம் யார் பேசுவது? அதனால் கேமரா முன்னே, கன்ட்ரோலர் பின்னே, எழும்போது நேர்மாறு. ஒரே ஒரு டிரைவர் பிழை என்றாலும் மொத்த உறக்கமும் ரத்தாகிவிடும்.

நூலைத் தள்ள வேண்டாம். அது 2.6.10 கெர்னலுக்கு எழுதியது. கெர்னலோடு வரும் மின்மேலாண்மை ஆவணங்களையும் சேர்த்துப் படிக்கட்டும். உறங்கி எழுந்து காட்டாத டிரைவர் அரைகுறை வேலைதான்.