சொந்தக் காசில் வந்த நாவல்கள்

மார்கழி பிறந்துவிட்டால் நண்பர்கள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்: ஜனவரிப் புத்தகக் காட்சியில் எந்த நாவலை வாங்கலாம்? இந்த ஆண்டு என் பதிலில் புதுப் புத்தகம் எதுவும் இல்லை. எழுதியவர்களே தங்கள் காசைப் போட்டு முதன்முதலில் வெளியிட்ட சில தமிழ் நாவல்களைத்தான் இந்த வருஷம் மறுபடி மறுபடி படித்தேன். அவற்றையே சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் சொந்தப் பிரசுரம் எவ்வளவு பெரிய காரியம் என்பதை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கம்பாசிட்டர் கோக்க வேண்டும். ஒரு ஃபாரம், அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள், அச்சானதும் எழுத்துகளைப் பிரித்து அறைப்பெட்டியில் போட்டுவிடுவார்கள், அடுத்த ஃபாரத்துக்கு அவை வேண்டுமே. பிறகு நூறு பிரதி கூடுதலாக வேண்டுமென்றால் மறுபடி முதலிலிருந்து கோப்பதுதான் வழி. இப்போது முப்பது பிரதி, ஐம்பது பிரதி என்று தேவைப்படும்போது அச்சிட்டுக்கொள்ளலாம். அன்று ஆயிரம் பிரதிக்கும் காகிதக் காசை முன்பே கட்ட வேண்டும். கட்டு கட்டாக வீட்டில் வந்து இறங்கும் புத்தகங்களை விற்கும் பொறுப்பும் எழுதியவர் தலையில்தான்.

இதையெல்லாம் தெரிந்தே செய்தவர் சி.சு. செல்லப்பா. 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியவர், ‘எழுத்து பிரசுரம்’ என்ற பெயரில் புத்தகங்களும் போட்டார். ஊர் ஊராகப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு போய் விற்றார். அப்படி வந்த ‘வாடிவாசல்’தான் என் முதல் சிபாரிசு.

நூறு பக்கத்துக்குள் முடிந்துவிடும் கதை அது. செல்லாயி கோயில் ஜல்லிக்கட்டு, ஒரே ஒரு பிற்பகல், வாடிவாசலை ஒட்டிய ஒரு துண்டு நிலம். தன் தகப்பனைக் குத்திப்போட்ட ஜமீன் காளை காரியை அணைந்தே தீருவது என்று மச்சான் மருதனோடு வந்து நிற்கிறான் பிச்சி. இதை எந்தக் கதைசொல்லியும் எடுத்துக்கொள்ளலாம். செல்லப்பா எடுத்துக்கொண்ட விதம்தான் வியப்பு. காளைகள் வெளியே வருமுன் பக்கம் பக்கமாக நம்மைக் காத்திருக்க வைக்கிறார். அந்தக் காத்திருப்பில் ஒரு கிழவர் பேசுகிறார், பிச்சி அளந்து அளந்து பதில் சொல்கிறான். மாட்டின் சுழி, கொம்பு, குணம், ஜமீன்தாரின் கௌரவம் எல்லாம் அந்த மதுரைச் சீமைப் பேச்சிலேயே நம் காதில் விழுந்துவிடுகின்றன. காரி வெளியே வரும்போது நாமும் கூட்டத்தில் நிற்கிற ஒரு ஆளாகிவிடுகிறோம். மாட்டைப் பிடிக்கும் கணங்கள் வரும் இடங்களை உரக்கப் படித்துப் பாருங்கள். வாக்கியம் மூச்சு வாங்கும் இடமும் பிச்சி மூச்சு வாங்கும் இடமும் ஒன்றாகவே இருக்கும். முடிவைச் சொல்ல மாட்டேன். மனிதர்களின் கௌரவத்துக்கு ஒரு மிருகம் கொடுக்கும் விலையை அவ்வளவு குறைந்த சொற்களில் சொன்ன இன்னொரு தமிழ்க் கதை எனக்குத் தெரியாது.

அதே கை பல ஆண்டுகள் கழித்து, 1997இல், ‘சுதந்திர தாக’த்தை வெளியிட்டது. மூன்று பாகங்கள், ஆயிரத்தைத் தாண்டிய பக்கங்கள். செல்லப்பாவுக்கு அப்போது எண்பது தாண்டிவிட்டது. தானும் சிறை சென்ற விடுதலைப் போராட்டத்தை, பெரிய தலைவர்களை விட்டுவிட்டு, சின்ன ஊர்களில் கதர் போட்டுக்கொண்ட இளைஞர்களின் பக்கமிருந்து எழுதினார். வேகமாக நகரும் நாவல் இல்லை. கூட்டம், விவாதம், தயக்கம் எல்லாம் அவற்றுக்குரிய நேரத்தை எடுத்துக்கொண்டே நடக்கின்றன. சில இடங்களில் எனக்கும் கால் வலித்தது. ஒரு பதிப்பாசிரியரிடம் வெட்டக் கொடுத்திருந்தால் முதலில் போயிருக்கக்கூடியவை அந்த நீண்ட பேச்சுகள்தான். ஆனாலும் ஒரு முடிவுக்கு வர அந்த மனிதர்களுக்கு எத்தனை நாள் பிடித்தது என்பது அவற்றால்தான் நமக்குப் புரிகிறது. விஷயம் கேட்ட அளவைக் கொடுக்க ஒரே ஆசிரியர் ஒரு தடவை நூறு பக்கத்துக்குள் நிறுத்தினார், இன்னொரு தடவை மூன்று பாகம் போனார். சொந்தப் பிரசுரத்தில் நான் கொண்டாடும் சுதந்திரம் இதுதான். 1998இல் அவர் மறைந்தார். 2001இல் அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது.

இதே வழியில் போன ஜி. நாகராஜன் தன் பதிப்பகத்துக்குப் ‘பித்தன் பட்டறை’ என்று பெயர் வைத்தார். 1963இல் ‘குறத்தி முடுக்கு’, 1974இல் ‘நாளை மற்றுமொரு நாளே’. இரண்டும் மெலிந்த புத்தகங்கள், ஆனால் படித்து முடிக்க எனக்கு நேரம் பிடிக்கும். பாலியல் தொழில் நடக்கும் சந்து, தரகு, சாராயம் என்று அவர் எழுதிய உலகத்தை அன்று வேறு யாரும் அவ்வளவு நிதானமாகப் பார்க்கவில்லை. பாவம் என்று உருகவும் மாட்டார், சீ என்று முகம் சுளிக்கவும் மாட்டார். கணித ஆசிரியர் அவர்; ஒரு வரியை எழுதிவிட்டு அதற்கு விளக்கம் சேர்க்காமல் அடுத்த வரிக்குப் போய்விடும் அந்தச் சிக்கனத்தில் கரும்பலகையின் பழக்கம் இருப்பதாக எனக்கு ஒரு எண்ணம். ‘நாளை மற்றுமொரு நாளே’ கந்தன் என்கிற மனிதனின் ஒரே நாள். காலையில் எழுந்து, குடித்து, ஊர் சுற்றி, காசு புரட்டி, நாலு பேரோடு பேசுகிறான். இதற்கு நடுவில், தனக்குப் பிறகு மனைவி மீனாவுக்கு ஒரு நல்ல ஏற்பாடு செய்துவிட வேண்டும் என்ற கவலை அவனுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கவலைக்கு நாகராஜன் அன்பு என்று பெயர் சூட்டுவதில்லை. அதனால்தான் அது அத்தனை அழுத்தமாக இறங்குகிறது.

தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988இல் அவருடைய சொந்த வெளியீடாகவே வந்தது. மலையாள வழியில் படித்தவர், திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்தவர். பிறந்த ஊரான தேங்காப்பட்டணத்து முஸ்லிம்களின் பேச்சை, மலையாளமும் அரபியும் கலந்தபடியே, நாவலுக்குள் இறக்கினார். முதல் பத்துப் பக்கம் காது தடுமாறும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளியின் தோரணை, ஊருக்குள் வந்து இறங்கும் ‘தங்கள்’ என்னும் மதப் பெரியவரின் காலில் விழும் ஜனங்கள், இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வரப்போகிறது என்றதும் எழும் கலவரம் எல்லாம் அந்தப் பேச்சின் ஓசையிலேயே விரியும். முதலாளியின் கொடுமையை மறைக்காமல் எழுதுகிறார் மீரான். ஆனாலும் அந்த வீடு சரியத் தொடங்கும்போது நமக்கு அவர்மேல் ஒரு இரக்கம் சுரக்கிறது. வெறுக்கத் தகுந்தவனின் தனிமையையும் வாசகனுக்குக் காட்டிவிடும் இந்தப் பெருந்தன்மை முதல் நாவலிலேயே அவருக்குக் கைவந்திருக்கிறது.

செல்லப்பாவின் இன்னொரு நாவலான ‘ஜீவனாம்ச’த்துக்கு இங்கே இடம் போதாது, தனிக் கட்டுரையே வேண்டும். அண்ணன் வீட்டில் இருக்கும் இளம் விதவை சாவித்திரியின் மனத்துக்குள்ளேயே நடக்கும் நாவல். ‘எழுத்து’ இதழில் தொடராக வந்தது.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: ‘வாடிவாசலை’ ஒரே மூச்சில், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் படியுங்கள். அடுத்து மீரான். நாகராஜனை அவசரமில்லாத நாளில் வைத்துக்கொள்ளுங்கள். ‘சுதந்திர தாக’த்தின் பழைய பிரதி எந்தக் கடையில் கண்ணில் பட்டாலும், மூன்று பாகங்களும் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்த்து உடனே வாங்கிவிடுங்கள். ஒற்றைப் பாகமாக வாங்கினால் மற்ற இரண்டைத் தேடி அலைய வேண்டிவரும்.