ஒப்பாரியின் பேரன்: அறிவை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஆகப் பெரிய ராப்பர் யார் என்று கேட்டாலே நம் சிற்றிதழ் நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். உச்சம், ஒற்றை நாயகன், தரவரிசை எல்லாம் அதிகாரத்தின் சொல்லாடல்கள், பன்மைக்கு எதிரானவை என்கிறார்கள். சரிதான். ஆனால் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் வரிசையின் முன்னால் வரும்போதுதான் வரிசையே கூடாது என்கிற ஞானம் பிறக்கிறது என்பதையும் கவனித்திருக்கிறேன். ஆகவே கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன்: என் கணக்கில் அது அரக்கோணம் அறிவு. ரசிகனின் பிதற்றல் என்று தள்ளுவதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள்.

ஆங்கில ராப் அசையழுத்தத்தின் மேல் நடப்பது. 1987இல் 'பெய்டு இன் ஃபுல்' தொகுப்பில் ராக்கிம் செய்த சாதனை, வரிக்கடைசியில் காத்துக்கிடந்த ஒலியொப்புமையை வரியின் வயிற்றுக்குள் கொண்டுபோனது. தமிழின் பிரச்சினை வேறு. நம் வினைமுற்று வாக்கியக் கடைசியில் வருவதால் -ஆன், -ஏன், -ஓம் என்று இயைபு இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. சும்மா பேசினாலே இயைகிறது. இதை நம்பித்தான் தமிழ் ராப்பில் பாதிப்பேர் பிழைப்பு நடத்துகிறார்கள். (1994இல் வந்த 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்'பை நான் இன்றும் ரசிக்கிறேன், அது வேறு விஷயம்.) 2006இல் மலேசியாவிலிருந்து யோகி பியும் நட்சத்திராவும் கொண்டுவந்த 'வல்லவன்' இந்த வடிவத்துக்கு ஓர் ஒழுங்கைத் தந்தது. அறிவு செய்தது, சுமையை வரியின் முன்பக்கத்துக்கு மாற்றியது. மோனையும் எதுகையும் தாளக்கட்டின் மேலேயே வந்து விழுகின்றன. குறில்கள் அடுக்கடுக்காக ஓடி ஒரு நெடிலில் மூச்சு வாங்குகின்றன. ஓஃப்ரோவுடன் 2019இல் அவர் வெளியிட்ட 'தெருக்குரல்' தொகுப்பில் 'ஆன்ட்டி இண்டியன்' கேட்டுப்பாருங்கள். கேள்வி கேட்பவன்மேல் எறியப்பட்ட வசையையே பிடுங்கித் தலைப்பாக்கிக்கொண்ட பிரதி அது.

இந்த இடத்தில் புலவர் நண்பர் ஒருவர் குறுக்கிட்டார். "இதுல என்னங்க புதுசு, அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டுலயே செஞ்சுட்டாரே!" சந்தத்தில் அருணகிரியை மிஞ்ச ஆளில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தத் தத்தெடுப்பு எதற்கு? பறையும் ஒப்பாரியும் கானாவும் கண்ணெதிரே இருக்க, கோயில் வழியாக ஒரு வம்சாவளி எழுதிக் கொடுத்தால்தான் அது கலையாகுமா? அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்து அரக்கோணம் லோக்கலில் ஏறுகிறவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெட்டியின் தகரச் சுவர்தான் தாளம். ஆவடி தாண்டி, பட்டாபிராம் தாண்டியும் கானா ஓடும். சாவு வீட்டில் விடிய விடியப் பாடிப் பழகிய குரல்கள் அவை. இதே ஆவடியில்தான் 1955இல் காங்கிரஸ் கூடி சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. தீர்மானம் என்ன ஆயிற்று என்று ரயிலில் வருகிறவர்களுக்குத் தெரியும். 2018 ஜனவரியில் பா. ரஞ்சித்தும் டென்மாவும் உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சென்னையில் மேடையேறியபோது, அயோத்திதாசரின் சாதியற்ற தமிழர் என்கிற கருத்து பெயராகவே வந்து நின்றது. அறிவு அந்த மேடையின் பிள்ளை.

2021 மார்ச்சில் வந்தது 'எஞ்சாய் எஞ்சாமி'. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய பாட்டியின் நினைவு அதற்குள் இருக்கிறது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மலையகத்தாரை யாரும் கேட்கவில்லை. இந்தப் பெருங்கதையாடலை ஒரு கிழவியின் விளிப்பு கலைத்துப் போடுகிறது. 'சாமி' என்பது பண்ணையில் ஆண்டையைப் பார்த்துக் கைகட்டிச் சொன்ன சொல். அதே சொல்லால்தான் பாட்டி பேரனைக் கொஞ்சுகிறாள். கும்பிடும் கொஞ்சலும் ஒரே சொல்லுக்குள் மோதும் இந்த இடத்தை எந்த ராப்பில் கேட்டிருக்கிறோம்? கென்ட்ரிக் லமாருக்கு 2018இல் புலிட்சர் கொடுத்தார்கள், மகிழ்ச்சி. அவரிடமும் இவ்வளவு சிறிய சொல்லில் இவ்வளவு பெரிய சண்டை எனக்குக் கிடைக்கவில்லை.

பிறகு நடந்தது தெரிந்ததே. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. ரஞ்சித் கேள்வி எழுப்பிய பிறகு அறிவுக்கென்று ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலை 28 செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாட்டு ஒலித்தது, அங்கும் அவர் இல்லை. இசையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்கிற வழக்குக்குள் நான் போகவில்லை. சந்தோஷ் நாராயணனும் தன் தரப்பைச் சொல்லியிருக்கிறார், பாட்டுக்குப் பணமே வரவில்லை என்று 2024இல் அவரும்தான் புலம்பினார். என் கேள்வி வேறு. ஆசிரியனின் மரணத்தை ரொலான் பார்த் சொல்லக் கேட்டு நாம் 90களில் கொண்டாடினோம். அட்டையில் பெயரே ஏறாதவனுக்குச் சாகிற வசதி எங்கே இருக்கிறது? முதலில் அவன் ஆசிரியனாக வேண்டாமா?

சறுக்கலும் உண்டு. 'மாஸ்டர்' படத்தின் 'வாத்தி ரெய்டு' பாட்டில் அதே நாக்கு, அதே வேகம், ஆனால் எல்லாம் ஒரு நட்சத்திரத்தின் காலடிக்குப் போய்ச் சேர்கிறது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக 'சண்ட செய்வோம்' பாடிய குரல்தானா இது என்று தோன்றும். சினிமா அப்படித்தான் விழுங்கும்.

ஒப்பாரி பாடிய பெண்கள் யாருடைய பெயரையும் நாம் எழுதி வைக்கவில்லை. அறிவு பின்னாளில் தன் தொகுப்புக்கு வைத்த பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. பாட்டியின் பெயர் முன்னால், இவர் வெறும் பேராண்டி.